மலாக்காக் கற்கள் சொல்லும் கதை

 

சில ஆண்டுகளுக்கு முன், சுங்கை காடுட் வட்டாரத்தில் நாங்கள் பணிபுரியும் தோட்டப்பள்ளியில், ஒரு நாள் பூகோளப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். படப் புத்தகத்தில் ஒரு நகரத்தின் படம் இருந்தது. வெள்ளைச் சுவர்கள், சிவப்பு ஓடுகள், கல் பாவிய தெருக்கள், நடுவே பெரிய தேவாலயம், பின்னால் வானத்தைத் தொடும் மலை. அந்த நகரத்தின் பெயர் கீத்தோ. தென்னமெரிக்காவில் ஆண்டிஸ் மலைத்தொடரின் மேலே, 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் கேமரன் மலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம்! அதற்குத் தெற்கே, பெரு நாட்டில், அதையும்விட உயரத்தில் குஸ்கோ என்று இன்னொரு பழம்பெரும் நகரம் உண்டு. இன்கா மன்னர்களின் தலைநகர் அது. 1533இல் ஸ்பானியர்கள் அதைப் பிடித்தார்கள். இன்கா மக்களின் சூரியன் கோயில் அங்கே இருந்தது. அதன் சுவர்களின் மேலேயே ஸ்பானியர்கள் தங்கள் தேவாலயத்தைக் கட்டினார்கள். 1950இல் பெரிய பூகம்பம் வந்தது. மேலே கட்டியவை சரிந்தன; சாந்து பூசாமல் கல்லோடு கல் பொருத்திய இன்காச் சுவர்களோ அசையாமல் நின்றன.

இதைச் சொல்லி முடித்ததும் மாணவன் ஒருவன் எழுந்தான். "சார், அங்க நாம போக முடியுமா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. தகப்பனார் பால்மரம் வெட்டுகிறார், தாயார் களை பிடுங்குகிறார். ஆண்டிஸ் மலைக்கு எங்கே போவது? நாங்கள் சிரிக்கவில்லை. "தம்பி, அந்த நகரத்துக்கு ஒரு சகோதரி உண்டு. நம் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம்" என்றோம். அந்தச் சகோதரிதான் மலாக்கா.

சகோதரி என்று ஏன் சொன்னோம்? 1494ஆம் ஆண்டில் ஸ்பெயினும் போர்த்துக்கலும் தோர்தெசில்லாஸ் என்ற ஊரில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அட்லாண்டிக் கடலில் ஒரு கோட்டைக் கிழித்து, அதற்கு மேற்கே கிடைக்கும் நாடெல்லாம் ஸ்பெயினுக்கு, கிழக்கே கிடைப்பதெல்லாம் போர்த்துக்கலுக்கு என்று உலகத்தையே பங்கு போட்டார்கள். பங்கு போட்டவர்கள் அந்த நாட்டு மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேற்கே போனவர்கள் கையில் குஸ்கோ அகப்பட்டது. கிழக்கே வந்தவர்கள் கையில், குஸ்கோ விழுவதற்கு 22 ஆண்டுகள் முன்னதாகவே, 1511இல் மலாக்கா அகப்பட்டது. ஆக, இரண்டு நகரங்களின் தலையெழுத்தும் ஒரே பேனாவால் எழுதப்பட்டது.

பெற்றோர்களிடம் பேசினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற்பாடாகியது. பிள்ளைகளோடு தாய்மார்கள் சிலரும், எண்பதை நெருங்கிய ஒரு பாட்டியும் புறப்பட்டார்கள். "நெகிரி செம்பிலானைத் தாண்டி நான் போனதே இல்லை, வாத்தியாரய்யா. கண்ணு தெரியும்போதே பாத்துட்டு வந்துடறேன்" என்றார் பாட்டி. கட்டுச்சோறும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, இருட்டு விலகும் முன்பே கிளம்பினோம்.

ரெம்பாவைக் கடந்து தம்பின் நகரை அடைந்தபோது பிள்ளைகள் பசியாறினார்கள். அங்கே பக்கத்தில்தான் புலாவ் செபாங் ரயில் நிலையம். அங்கிருந்து மலாக்கா நகருக்கு 1905இல் ஒரு கிளைப் பாதை போடப்பட்டது. இன்று அந்தப் பாதை இல்லை. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்து, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில் பாதைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1942இலும் 1943இலும் காட்டையும் மலையையும் வெட்டிப் போடப்பட்டது. அதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பட்டினியாலும் மாண்டவர்கள் ஏராளம். அதனால்தான் நம்மவர்கள் அதை மரண ரயில் என்கிறார்கள்.

இதை நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பாட்டி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்கப்பாவும் அங்கதான் போனாரு. திரும்பி வரல்ல. எனக்கு அப்ப ஏழு வயசு. லயத்து வாசல்ல நின்னு லாரியப் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். அவருடைய பேத்தி எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு மாணவி. "பாட்டி, நீ இதைச் சொன்னதே இல்லையே!" என்றாள். "யாரு கேட்டா?" என்றார் பாட்டி. அந்த இரண்டு சொற்கள் அன்று முழுதும் எங்கள் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தன.

இனி மலாக்காவுக்குள் போவோம்.

மலாய் மொழியில் மலாக்கா என்பது ஒரு மரத்தின் பெயர். எந்த மரம் தெரியுமா? நம் நெல்லிமரம்தான்! ஏறக்குறைய 1400ஆம் ஆண்டில் பரமேஸ்வரா என்ற இளவரசர் அந்த மரத்தடியில் இளைப்பாறினார். அதனால் ஊருக்கு அப்பெயர் வைத்தார் என்பது வழிவழியாக வரும் கதை. காற்று மாறும் காலத்துக்காகக் காத்திருக்கும் கப்பல்களுக்கு மலாக்கா நல்ல துறைமுகமாக அமைந்தது. குஜராத்தியர், சீனர், ஜாவானியர், அரபியர், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழர் என்று பலரும் கூடினார்கள். வியாபாரிகளின் காரியங்களைப் பார்க்க ஷாபந்தார் எனப்படும் துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தார்கள். நம்மவர்களும் அந்த நிர்வாகத்துக்கு உட்பட்டவர்கள்தாம். 1512 முதல் சில ஆண்டுகள் மலாக்காவில் வாழ்ந்த தோமே பிரேஸ் என்ற போர்த்துக்கீசியர், அங்கே 84 மொழிகள் பேசப்பட்டன என்று எழுதிவைத்திருக்கிறார்.

முதலில் நாங்கள் போன இடம் டச்சுச் சதுக்கம். சுற்றிலும் சிவப்புக் கட்டடங்கள். டச்சு ஆளுநரின் மாளிகை அங்கே இருக்கிறது. பக்கத்தில் 1741இல் தொடங்கி 1753இல் கட்டி முடித்த கிறிஸ்து தேவாலயம் நிற்கிறது. உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். கூரையைத் தாங்கும் உத்தரங்கள் ஒவ்வொன்றும் ஒட்டுப் போடாமல் ஒரே மரத்தில் அறுத்தவை. டச்சுக்காரர்கள் காலத்தில் இக்கட்டடங்கள் சிவப்பாக இல்லை, வெள்ளையாக இருந்தன. ஆங்கிலேயர் காலத்தில்தான் சிவப்புச் சாயம் ஏறியது. ஒரு கட்டடம் ஆள்பவருக்கு ஏற்ப நிறம் மாறும் என்பதற்கு இது நல்ல சான்று.

டச்சுக்காரர்கள் 1641இல், ஜோகூரின் துணையோடு, பல மாத முற்றுகைக்குப் பிறகு போர்த்துக்கீசியரிடமிருந்து மலாக்காவைப் பறித்தார்கள். பிறகு 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். இடையில் டச்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியாக, 1824இல் எழுதிய ஒப்பந்தத்தின்படி அடுத்த ஆண்டில் நிரந்தரமாகப் பெற்றுக்கொண்டார்கள்.

சதுக்கத்திலிருந்து படியேறினால் சென்ட் பால் குன்று. உச்சியில் கூரையில்லாத பழைய தேவாலயம். போர்த்துக்கீசியர் 1521இல் அங்கே ஒரு சிற்றாலயம் எழுப்பினார்கள். தமிழகத்துக் கடற்கரை மீனவர்களிடையே சமயப் பணி செய்த பிரான்சிஸ் சேவியர் இங்கும் வந்து தங்கியவர். 1553இல் அவருடைய உடலை இந்தக் குன்றில் சில மாதங்கள் அடக்கம் செய்து வைத்திருந்து, பின்னர் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். குன்றின் மேல் நின்று பார்த்தால் கடல் தெரிகிறது. "இந்தக் கடல் வழியாத்தான் நம்ம தாத்தாவெல்லாம் வந்தாங்களா, சார்?" என்று கேட்டாள் ஒரு சிறுமி. வங்கக் கடலைக் கடந்து, பெரும்பாலோர் பினாங்கிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் இறங்கினார்கள் என்று சொன்னோம்.

குன்றின் அடிவாரத்தில் ஒரு கல்வாசல் நிற்கிறது. போர்த்துக்கீசியர் கட்டிய பாமோசாக் கோட்டையில் எஞ்சியிருப்பது அந்தச் சந்தியாகோ வாசல்தான். 1511இல் அல்புகர்க் என்ற தளபதி மலாக்காவைப் பிடித்ததும், பள்ளிவாசலையும் மன்னர்களின் சமாதிகளையும் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினார். குஸ்கோவில் சூரியன் கோயிலுக்கு நடந்ததுதான் இங்கும் நடந்தது. கல் சுமந்தவர்கள் அடிமைகள். கோட்டையை 1807இல் ஆங்கிலேயரே வெடி வைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். முழுவதையும் அழிக்க வேண்டாமென்று ராஃபிள்ஸ் எழுதினார். இந்த வாசல் மட்டும் தப்பியது.

பாட்டி அந்தச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். "கட்டச் சொன்னவன் பேரச் சொல்றீங்க, இடிக்கச் சொன்னவன் பேரச் சொல்றீங்க. கல்லுத் தூக்கினவன் பேரு எங்கயாச்சும் இருக்கா, வாத்தியாரய்யா?" என்று கேட்டார். இல்லை என்றுதான் நாங்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நேயர்களே, பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் படித்த சரித்திரப் பாடங்கள் எதிலும் இப்படி ஒரு கேள்வியை யாரும் எங்களிடம் கேட்டதில்லை.

பெயர் தெரிந்த ஒரு தமிழ் வியாபாரியின் கதையையும் அங்கேயே சொன்னோம். போர்த்துக்கீசியர் ஏடுகளில் அவர் பெயர் நினா சத்து என்று காணப்படுகிறது. 1509இல் முதன்முதலாக வந்த போர்த்துக்கீசியர் சிலர் மலாக்காவில் சிறைப்பட்டபோது அவர்களுக்கு உதவியவர். நகரம் வீழ்ந்ததும், அதற்குப் பரிசாக இந்துக்களின் தலைவராக, பெண்டஹாராவாக, அவரை நியமித்தார்கள். சில ஆண்டுகளுக்குள் அந்தப் பதவியைப் பறித்து வேறொருவருக்குக் கொடுக்க முடிவு செய்தார்கள். அவமானம் பொறுக்காமல், 1514இல் சந்தனக் கட்டைகளை அடுக்கித் தீ மூட்டி அதில் இறங்கி உயிர்விட்டார் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்நியன் தயவில் கிடைத்த பதவி அந்நியன் மனம் மாறியதும் போய்விடும். அவர் செய்தது சரியா தவறா என்று பிள்ளைகள் பஸ்ஸில் நெடுநேரம் விவாதித்தார்கள். நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை.

ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் தட்டார் தெரு. அங்கே அருள்மிகு பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. டச்சு அரசாங்கம் கொடுத்த நிலத்தில் மலாக்காச் செட்டிகள் 1781இல் கட்டிய கோயில் அது. நம் நாட்டில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய இந்துக் கோயில்களில் அதுவும் ஒன்று. சில அடி நடந்தால், 1748இல் இந்திய முஸ்லிம் வியாபாரிகள் நிறுவிய பள்ளிவாசல். அதற்கும் அப்பால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். மணியோசையும் பாங்கோசையும் ஊதுவத்திப் புகையும் ஒரே தெருவில் கலக்கின்றன. 2008இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் மலாக்காவையும் பினாங்கின் ஜார்ஜ் டவுனையும் உலகப் பாரம்பரிய நகரங்களாக அறிவித்தது. கீத்தோவுக்கு அந்தப் பெருமை 1978இலேயே கிடைத்துவிட்டது.

பிற்பகலில் காஜா பேராங் என்ற இடத்திலுள்ள செட்டிக் கம்பத்துக்குப் போனோம். நெற்றியில் திருநீறு துலங்க ஒரு பெரியவர் வாசலில் நின்று வரவேற்றார். "செலாமாட் டாத்தாங்" என்றார். தொடர்ந்து மலாயிலேயே பேசினார். பின்வரிசையில் இரண்டு பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "இவரு நம்ம ஆளா, சார்? தமிழே வரலியே!" என்றான் ஒருவன். பெரியவருக்குப் புரிந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை. எங்களுக்குத்தான் முகம் சுருங்கியது.

அவர் சொன்னதைத் தமிழாக்கிப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வியாபாரிகள் இவர்களுடைய முன்னோர்கள். இந்நாட்டுப் பெண்களை மணந்து இங்கேயே தங்கிவிட்டார்கள். வீட்டில் தாயின் மொழி மலாய். டச்சுக்காரர்கள் வியாபாரத்தைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்த பிறகு, இவர்களுடைய வாணிகம் நசிந்தது. நகரத்தை விட்டுப் புறநகரில் பயிர்த்தொழிலுக்கு வந்தார்கள். தாய்நாட்டுத் தொடர்பும் அறுந்தது. தமிழ் மெல்ல மெல்ல நாவிலிருந்து இறங்கிவிட்டது.

ஆனால் எதை விடவில்லை என்று பாருங்கள். பொங்கல் வைக்கிறார்கள். போகியன்று முன்னோர்களுக்குப் படையல் இடுகிறார்கள். அதற்குப் பர்ச்சு என்று பெயர். பழங்கள் பழுக்கும் காலத்தில் இன்னொரு படையல் உண்டு. மாரியம்மன் திருவிழாவுக்கு டத்தோ சாச்சார் என்று பெயர். சாச்சார் என்றால் மலாயில் அம்மை நோய். பெயர் மலாயாகிவிட்டது, அம்மன் அதே அம்மன்தான். "மொழி எங்கள் கையைவிட்டுப் போய்விட்டது, முன்னோரை நாங்கள் கைவிடவில்லை" என்றார் பெரியவர். சிரித்த பையன்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். புறப்படும்போது ஒருவன் அவர் காலைத் தொட்டு வணங்கினான். நாங்கள் சொல்லிக்கொடுத்துச் செய்ததல்ல அது.

திரும்பும் வழியில் பால்மரங்களைக் காட்டி இன்னொரு செய்தியும் சொன்னோம். இந்த மரத்தின் தாயகம் பிரேசில் நாட்டு அமேசான் காடு. 1876இல் விக்கம் என்பவர் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. வியாபாரத்துக்கென்று மலாயாவில் முதன்முதலாகப் பால்மரத் தோட்டம் போட்டவர் டான் சாய் யான் என்ற சீனர். இடம், இதே மலாக்காவின் லிந்தாங் குன்று, ஆண்டு 1896, பரப்பு ஏறக்குறைய 40 ஏக்கர். நம் பாட்டன்மார் கப்பல் கப்பலாக வந்ததற்கும் அந்த நாற்பது ஏக்கருக்கும் தொடர்பு உண்டு அல்லவா?

ஆண்டிஸ் மலையோடும் நமக்கு உறவு உண்டு. நாம் குழம்பில் போடும் உருளைக்கிழங்கு அந்த மலைவாசிகள் முதன்முதல் பயிரிட்டது. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் கப்பலில் வந்ததே. தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் மக்களை வாரிக்கொண்டு போன காலத்தில், பிரட்டுக் களத்தில் கசக்கக் கசக்கக் கொயினா மருந்து கொடுத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கொயினா, ஆண்டிஸ் மலைச்சரிவில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுத்தது. போகவே முடியாது என்று வகுப்பே சிரித்த மலையின் மரப்பட்டை, நம் பாட்டன்மார் உயிரைக் காத்திருக்கிறது.

பஸ்ஸில் பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள். ஒரு தாயார் மெதுவாகக் கேட்டார்: "சார், நம்ம புள்ளைங்களும் ஒருநாள் அந்தச் செட்டிமார் மாதிரி ஆயிடுவாங்களா?"

நேயர்களே, சமாதானமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் கண்ணெதிரே நடப்பதை நாம் அறிவோம். தோட்டங்கள் விற்கப்படுகின்றன. பால்மரம் இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்சாலைகளும் எழுகின்றன. லயங்கள் இடிகின்றன. குடும்பங்கள் செனவாங், சிரம்பான் என்று சிதறுகின்றன. வீடு மாறும்போது பழைய தகரப் பெட்டி குப்பைக்குப் போகிறது. அந்தப் பெட்டிக்குள் இருந்ததென்ன? தாத்தாவின் சிவப்பு அடையாளக் கார்டு, ஊரிலிருந்து வந்த கடிதம், சம்பளச் சீட்டு, மங்கிப்போன ஒரு கல்யாணப் படம். அவை போனால் நம்முடைய ஏடு போயிற்று. மலாக்காச் செட்டிகள் 500 ஆண்டுகள் காத்ததை, நாம் ஒரே ஒரு வீடு மாற்றத்தில் தொலைத்துவிடலாம். அந்தத் தாயாரிடம் நாங்கள் சொன்னது இதுதான்: "ஆகாமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது, அம்மா."

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள். பிள்ளைகளை ஒருமுறை மலாக்காவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். வெயில் ஏறும் முன்பே குன்றில் ஏறிவிடுங்கள். செட்டிக் கம்பத்தையும் பார்க்காமல் திரும்பாதீர்கள். இரண்டாவது, வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேளுங்கள்: எந்த ஊர், எந்தக் கப்பல், முதலில் எந்தத் தோட்டம், யார் திரும்பி வரவில்லை என்று கேட்டுப் பிள்ளைகளின் கையாலேயே தமிழில் எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது, பழைய காகிதம் எதையும் படித்துப் பார்க்காமல் எறியாதீர்கள்.

எங்கள் பள்ளியில் அந்தப் பயணத்துக்குப் பிறகு ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்கினோம். ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். முதல் பக்கத்தை எழுதியவள் அந்தப் பாட்டியின் பேத்தி. சயாமுக்குப் போய்த் திரும்பி வராத கொள்ளுத்தாத்தாவின் பெயரை, முதல் வரியில், கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. பேத்தி வாசித்துக் காட்டினாள். பாட்டி அந்த வரியின் மேல் விரலை வைத்து, "இதுவா? இதுதான் எங்கப்பா பேரா?" என்று இருமுறை கேட்டார்.

கல் சுமந்தவன் பெயரை எழுத யாரும் வரமாட்டார்கள். நாமே எழுதுவோம்.